கருப்பருக்கு மட்டும் விலக்கு

அக்கா, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இந்தப் போன் தப்புத் தப்பாக எழுதுகிறது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிப்பது போல நிறுத்திச் சொன்னால் ஒழுங்காக எழுதிவிடுகிறது. அதனால் அப்படியே சொல்கிறேன்; அவரவர் பேசிய பேச்சை மட்டும் விரலால் தட்டிச் சேர்க்கிறேன். வாசிக்கும்போது இது நம் கண்ணன் பேசுவது போலவே இல்லையே என்று நினைக்காதே. கோபப்பட்டுச் சத்தம் போட்டாலும் போன் திணறிவிடும். நிதானமாகத்தான் சொல்ல முடியும். எனக்கும் இன்றைக்கு அதுதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் பாதிப் பேர் தேக்கா கடைவீதிக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். நான் துணி காயப்போடும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவேன். எதிரே ஒரு காப்பிக்கடை. அதன் ஓரத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். புகை பிடிப்பவர்கள் அதற்குள்தான் உட்கார வேண்டும். சிங்கப்பூரில் கோட்டுக்கு வெளியே ஊதினால் அபராதம். எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு சாதுவாக ஊதுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். கோடு போட்டால் இப்படித்தான் மதிக்க வேண்டும்.

உன் குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். “டேய் கண்ணா, பங்காளிக எல்லாரும் கூடி முடிவு பண்ணிட்டாகடா. வைகாசிக்கு நீதான் சலங்கை கட்டணுமாம். கருப்பரு ஐயாவே உன் நெஞ்சுல கைய வச்சுக் காட்டிட்டுப் போயிட்டாரு, இனிமே என்ன யோசனைங்கிறாக செம்மலைப் பெரியப்பா. லீவு சொல்லிட்டு வந்து சேரு. அப்பா பேருக்குக் கல்லு கூட அடிக்கச் சொல்லியாச்சு” என்கிறாய். கல்லில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதையும் சொன்னாய். ‘சாமியோடு சாமியாய்க் கலந்த முத்துக்கருப்பன்.’

அந்த ஒரு வரிக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கல் வெட்டாமல் இருந்திருந்தால் என் வாயிலிருந்து ஒன்றும் வந்திருக்காது. மச்சானுக்கு வாசித்துக் காட்டு. செம்மலைப் பெரியப்பாவுக்கும் காட்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் தெரிந்த விஷயங்களையும் சொல்கிறேன்.

அம்மாவிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மா ஒரு வெற்றிலைகூடப் போட்டதில்லை. காரைக்குடியில் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா அறைக்குள் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அங்கே நின்று என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உனக்கே தெரியும். நீதான் போய்க் கூட்டி வந்தாய்.

அப்பா மோசமான மனிதர் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அம்மாவைக் கை நீட்டி அடித்ததில்லை. கருப்பரின் சாமியாடி அவர், சாமி வந்தால் தவிரச் சாராயம் தொட்டதில்லை. நீ கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஒற்றை அறை, மேலே சிமெண்ட் தகடு. மழைக்காலத்தில் கதவையும் சாத்திவிட வேண்டும். அப்பா டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார். புகை மேலே போய்த் தகட்டில் முட்டி, அடுப்புப் பக்கம் இறங்கும். அம்மா அங்கிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “போதுங்க, மூச்சு முட்டுது” என்பாள். அப்பா திரும்பாமலே, “இது ஒண்ணுதான் பாண்டி” என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றைத்தான் பற்றவைத்தார்.

அம்மா போன பிறகு ஊரில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? நம் ஊரைப் புகையிலை இல்லாத கிராமம் ஆக்க வேண்டும் என்று நர்ஸ் துர்காதேவி வீடு வீடாக வந்தபோது, கூடவே போன ஒரே ஆள் நான்தான். பள்ளிக்கூடத்தைச் சுற்றி ரோட்டில் மஞ்சள் கோடு போட்டது என் கைதான். கோட்டுக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று பலகை எழுதியதும் நான்தான். கோடு அழகுராஜாவின் பெட்டிக்கடையை உள்ளே தள்ளிவிட்டது. கடை வாசலில் சிகரெட் பற்றவைக்க நெருப்போடு தொங்குமே கயிறு, அதை நானே அறுத்தேன். அழகுராஜா தடுக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“ஏன்டா கண்ணா, சிகரெட்டு செய்யிற கம்பெனிய மூட மாட்டாகளாம். அவன் வரி கட்டுனா வாங்கிக்கிருவாகளாம். என் கயித்த மட்டும் அறுப்பாகளாம்ல?”

“கம்பெனி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுண்ணே. கயிறு இங்கன தொங்குது” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் அன்றும் அந்தப் பதில்தான், இன்றும் அந்தப் பதில்தான். கம்பெனிக்காரனின் முகம் எனக்குத் தெரியாது. கைக்கு எட்டுவதைத்தான் அறுக்க முடியும்.

அந்தக் கோடைக்கு அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கண்மாய்க்கரை ஏறி இறங்கினாலே உட்கார்ந்துவிடுவார். நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, இன்னும் புகை உள்ளே போனால் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர். அப்பா அன்றே விட்டார். சட்டைப் பையில் சிகரெட் இருந்த இடத்தில் நீல நிற இன்ஹேலர் வந்தது. வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது, யார் மேலாவது எரிந்து விழுந்தார். ஆனால் மறுபடி தொடவே இல்லை. துர்காதேவிக்கு அதில் அவ்வளவு பெருமை.

அம்மா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்துதான் விட்டார், உட்கார்ந்து அழுததை நான் கண்ணால் பார்த்தேன் என்று நீ சொல்வாய். இருக்கலாம். படத்துக்கு மூச்சு முட்டாது.

பிறகு அந்த விழா. ஊர் எல்லையில் பலகை நட்டு, பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு, மேடையில் அப்பாவை உட்காரவைத்தார்கள். வந்திருந்த அதிகாரி சால்வை போர்த்தினார். மைக்கை அப்பா கையில் கொடுத்தார்கள். கருப்பர் இறங்கினால் கண்மாய்க்கு அந்தப்பக்கம் வரை கேட்கிற குரல், அன்று மெலிந்துதான் வந்தது. “பெருசா ஒண்ணுமில்லய்யா. மனசு வச்சா ஒரே நாள்ல விட்றலாம். நானே சாட்சி” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நீ தட்டினாய். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் தட்டினேன்.

ஒரே நாளில் விட முடிகிற விஷயம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவரால் முடியாது, பாவம், அது ஒரு நோய் என்றுதான் துர்காதேவி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நானும் அதை நம்பித்தான் அம்மாவின் சாவைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அப்பா மைக்கில் சொன்ன பிறகுதான் கணக்கு வேறு என்று புரிந்தது. அம்மா உயிரோடு இருந்த எந்த நாளிலும் அவர் விட்டிருக்கலாம். மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவரே சாட்சி.

அன்று சாப்பாட்டுப் பந்தியில் நான் பரிமாறினேன். அப்பா இலைக்கு இரண்டாவது தடவை வடை வைத்தேன். கோபமாக இருக்கிறவன் அப்படி வைக்க மாட்டான் என்பதற்காகச் சொல்கிறேன்.

வைகாசிப் படையலுக்கு முன்னால் கருப்பர் கோயில் பொட்டலில் கூட்டம் போட்டார்கள். இலையில் என்னென்ன வைப்பது என்பதில் எந்த வருஷமும் பேச்சு வந்ததில்லை. கிடாய்க்கறி, சாராயம், சுருட்டு. சாமி இறங்கினதும் சுருட்டைப் பற்றவைத்துச் சாமியாடி வாயில் வைக்க வேண்டும். கேட்கக் கேட்கக் கொடுக்க வேண்டும். ஐயாவுக்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. அந்த வருஷம்தான் ஊர் எல்லையில் பலகை நின்றது, சாமியாடிக்கு மூச்சு இழுத்தது.

துர்காதேவிதான் எழுந்தார். “சுருட்டப் பத்த வைக்காம சும்மா இலையில வச்சுருங்களேன். ஐயா கோவிச்சுக்கிருவாரா என்ன?”

செம்மலைப் பெரியப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு, “அந்தப் புள்ள சொல்றதும் ஞாயமாத்தான்யா இருக்கு. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல” என்று இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “கண்ணா, நீதான சட்டம் படிச்சுக் கோடு போட்டவன். நீ சொல்லுப்பா.”

நான் எழுந்து நின்றேன். “சட்டம் மனுசனுக்குத்தான் பெரியப்பா. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, டீக்கடைன்னுதான் போட்டுருக்கு. கருப்பர் அவரு வீட்ல உக்காந்து அவரு சுருட்டக் குடிக்க எந்தச் சட்டமும் குறுக்க வரல. ஊர்ல எல்லாருக்கும் தடை. கருப்பருக்கு மட்டும் விலக்கு” என்றேன்.

கூட்டமே சிரித்தது. அழகுராஜா தொடையைத் தட்டி, “அப்ப கருப்பருக்கு நான் கடை போடலாம்ல?” என்றார். வேண்டாம் என்று சொல்ல எல்லாருக்கும் பயம், வேண்டும் என்று சொல்ல வெட்கம். நான் அவர்களுக்கு வழி செய்து கொடுத்தேன். துர்காதேவி ஒருவர்தான் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பார்த்ததற்குக் காரணம் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அவர் என்னிடம் வந்து நின்றார். என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“கூட்டத்துல நீயே சொல்லிருப்பா, இலையில வச்சாப் போதும்னு. நீ சொன்னாக் கேப்பாக. நான் சொன்னா ஐயாவ விட இவனுக்கு உசுரு பெருசாப் போச்சும்பாக.”

சரிப்பா என்றேன்.

மறுபடி சொல்கிறேன், நான் பொய் எதுவும் பேசவில்லை. சட்டத்தில் இருப்பதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். அவர் நினைத்திருந்தால் அங்கேயே எழுந்து, எனக்கு முடியாது என்று சொல்லியிருக்கலாம். மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

படையலன்று உச்சி வெயில். ஊரே பொட்டலில் இருந்தது. நீ பெண்களோடு வேலிப் பக்கம் நின்று குலவை போட்டாய். அப்பாவுக்குக் கச்சை கட்டி, சல்லடம் மாட்டி, காலில் சலங்கை கட்டியது நான். சட்டை இல்லாத உடம்பில் இன்ஹேலரை எங்கே வைப்பது? “இத நீ வச்சுக்க கண்ணா. பக்கத்துலயே இரு” என்று கொடுத்தார். என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்திலேயே இருந்தேன். இரண்டையும் அவர் சொன்னபடியே செய்தேன்.

உறுமி அடித்ததும் அப்பா அரிவாளை வாங்கிக்கொண்டு இரண்டு சுற்று வந்தார். கால் முன்னைப் போல எழும்பவில்லை. செம்மலைப் பெரியப்பா விபூதியை அள்ளி வீசி, “ஐயா வந்துட்டாரு” என்றார். கூட்டம் கும்பிட்டது. நான் முதல் சுருட்டைச் சூடத்தில் காட்டிப் பற்றவைத்தேன். வாயில் வைத்துப் பற்றவைக்கக் கூடாது, எச்சில் படும். நான் இதுவரை புகை பிடித்ததில்லை. அன்றும் என் உதட்டில் எதுவும் படவில்லை.

அவர் அதை இழுத்தார். இருமல் வந்தது. இருமல் உறுமியோடு சேர்ந்துவிட்டது. அடுத்ததைக் கொடுத்தேன். அதற்கடுத்ததையும் கொடுத்தேன். இலையில் இருந்த கட்டு தீர்ந்துபோய், நான் வாங்கிவைத்திருந்த இன்னொரு கட்டைப் பிரித்தேன். ஏன் கூடுதலாக வாங்கினாய் என்று கேட்பாய். விருந்துக்குக் குறைவாக யாரும் வாங்குவதில்லை.

அப்புறம் நடந்ததை ஊரே பார்த்தது. அப்பா மண்டி போட்டார். ஒரு கை நீண்டு என் நெஞ்சில் வந்து பதிந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். “அடுத்த ஆளக் காட்டிட்டாருய்யா” என்று செம்மலைப் பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீ அழுதாய். கொஞ்ச நேரத்தில் அப்பா சாய்ந்தார். வேனில் ஏற்றினார்கள். காரைக்குடி போய்ச் சேருவதற்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது.

சுருட்டால்தான் என்று ஒரே ஒருத்தர் சொன்னார், துர்காதேவி. எழவு வீட்டிலேயே அவர் வாயை அடைத்துவிட்டார்கள். “சாமி குடிச்சது மனுசன என்னம்மா செய்யும்? ஐயா கூடவே கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு” என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பனைப் பறிகொடுத்தவன் வேறு எப்படி இருப்பான்?

இத்தனை மாதமும் எனக்குள் நான் சொல்லிக்கொண்டது இதுதான், அக்கா. நான் அப்பாவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஐயா கேட்டார், கொடுத்தேன். ஐயாவுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் கிடையாது. கொடுத்ததை எந்த உடம்பில் இறங்கி ஐயா குடித்தார் என்பது அவர் பாடு. இதைச் சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். இதைச் சொல்லிக்கொண்டுதான் வேலைக்கு லாரியில் போகிறேன், வருகிறேன், தூங்குகிறேன். நன்றாகவே தூங்குகிறேன்.

கல்லைப் பற்றி நீ சொன்னதும் அது கெட்டுவிட்டது.

நான் அவருக்குக் கொடுத்தது தண்டனை. ஊர் அதை எடுத்து அவருக்குப் பட்டமாகக் கட்டிவிட்டது. சாமியோடு சாமியாய்க் கலந்தவராம். இனி வருஷா வருஷம் அந்தக் கல்லுக்கும் ஒரு சுருட்டு வைப்பார்கள். மூச்சு முட்டிச் செத்த பாண்டீஸ்வரிக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. அம்மா சாகும்போது அவள்மேல் யாரும் இறங்கவில்லை. வெறும் அம்மாவாகத்தான் செத்தாள். அவரும் வெறும் அப்பாவாகத்தான் செத்தார். அது ஊருக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு என்னை என்ன செய்கிறார்களோ செய்யட்டும். போலீசிடம் போவதானாலும் போ. நான் வருத்தப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சலங்கையை வேறு யார் காலிலாவது கட்டச் சொல். ஐயா என்னைக் காட்டவில்லை. அன்றைக்கு ஐயா வரவே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கருப்பர் இறங்கினால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மண்டி போட்டவர் உறுமிச் சத்தத்துக்கு நடுவே என் பேரைச் சொன்னார். எனக்கு மட்டும்தான் கேட்டது.

“கண்ணா, ஐயா வரலடா. சும்மாதான் ஆடுனேன். மூச்சு முட்டுது, போதும்டா.”

அப்போதுதான் அந்தக் கை வந்தது. ஊர் பார்த்தது என் நெஞ்சை. அந்த விரல்கள் தேடியது சட்டைப் பையை. துணிக்கு மேலேயே இன்ஹேலரைப் பிடித்துவிட்டார். நான் அந்தக் கையை மெதுவாக விலக்கி எடுத்துத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “ஐயா இன்னொண்ணு கேக்குறாரு” என்று குரல் கொடுத்தேன். சூடத்தில் காட்டினேன். நன்றாகப் பற்றியது. குனிந்து அவர் உதட்டில் வைக்கும்போது, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“இது ஒண்ணுதான்ப்பா.”